எட்டுப் பேருக்கு அப்பன்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் இப்போதே மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன மாதம் இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ராணுவத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ராஜஸ்தானிலிருந்து போன் பண்ணினான். லீவு நாளில் உதய்பூர் போய் ஏகலிங்கர் கோயிலைப் பார்த்தானாம். "சார், இங்கே பப்பா ராவல்னு ஒரு ராஜா. மாடு மேய்ச்ச பையன், சாமியார் ஆசீர்வாதத்துல ராஜா ஆனான்னு சொல்றாங்க. நீங்க வகுப்புல சொன்ன முயல் கதை மாதிரியே இருக்கு. இது வரலாறா, கதையா?" என்று கேட்டான். முப்பது வருஷத்துக்கு முன் சொன்ன முயல் கதையை நினைவு வைத்திருக்கிறானே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

அதற்கு நாலாவது நாள் இன்னொரு மாணவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். அவன் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அவனும் வகுப்பில் நான் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் நினைவு வைத்திருந்தான். அதைக் கேட்டதும் வந்த பெருமை போன இடம் தெரியவில்லை.

முதலில் ராணுவக்காரன் கேள்விக்கு வருவோம்.

ராஜபுத்திர வம்சங்களில் மேவார் வம்சத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ராணா கும்பா, ராணா சங்கா, மகாராணா பிரதாப் எல்லாரும் அந்த வழிதான். குகிலர் என்று தொடங்கி, பின்னால் சிசோதியர் என்று பெயர் பெற்ற குடும்பம். அந்த வம்சத்தை நிலைநிறுத்தியவராகச் சொல்லப்படுபவர்தான் பப்பா ராவல். காலம் 8-ஆம் நூற்றாண்டு.

கதை இதுதான். தகப்பனை இழந்த பிள்ளை. நாகதா என்ற ஊரில் மாடு மேய்க்கிறான். ஒரு பசு மட்டும் தினமும் மடி வற்றி வீடு திரும்புகிறது. பையன்தான் கறந்து குடிக்கிறான் என்று சந்தேகம். பழியைத் துடைக்க அவன் பசுவின் பின்னாலேயே போகிறான். புதருக்குள் ஒரு லிங்கத்தின் மேல் பசு தானாகப் பால் சொரிகிறது. பக்கத்தில் ஹாரீத ராசி என்ற தவசி. பையன் அவருக்குப் பணிவிடை செய்கிறான், அவர் அருளால் அரசனாகிறான். சித்தூர்க்கோட்டையை ஆண்டுகொண்டிருந்த மோரி வம்சத்து அரசனிடமிருந்து கோட்டை இவன் கைக்கு வருகிறது. ஏகலிங்கர்தான் நாட்டுக்கு உண்மையான ராஜா, நாங்கள் அவருடைய திவான்கள் மட்டுமே என்று மேவார் மன்னர்கள் பிற்காலம் வரை சொல்லிக்கொண்டது இந்த அடிப்படையில்தான்.

பசு பால் சொரிந்த கதையைப் படித்ததும் உங்களுக்கு நம்மூர்க் கோயில்கள் ஞாபகம் வந்திருக்கும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் பால் உண்டு. அரண்மனைக்குப் பால் கொண்டு போன ராமக்கோன் மூங்கில் காட்டில் ஒரே இடத்தில் தினமும் கல் தடுக்கி, பால் அந்தக் கல்லின் மேலேயே கொட்டியதாக ஸ்தல புராணம். பால், புதர், லிங்கம், இடையர் என்ற நாலும் இந்தியா முழுக்கச் சுற்றிவந்த சரக்கு.

சரி, கல்வெட்டு என்ன சொல்கிறது? ஏகலிங்கர் கோயில் பக்கத்திலுள்ள 971-ஆம் வருஷக் கல்வெட்டில் பப்பகன் என்ற பெயர் வருகிறது, குகில அரசர்களுக்கு நடுவில் சந்திரன் போன்றவன் என்று. ஆனால் ஆறே வருஷம் கழித்து, 977-இல் வெட்டிய ஆட்பூர்க் கல்வெட்டு குகதத்தன் தொடங்கி இருபது தலைமுறைப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் பப்பா இல்லை! அப்படியானால் அந்த வரிசையில் யாரோ ஒருவருக்குத்தான் பப்பா என்று பட்டப்பெயர் இருந்திருக்க வேண்டும். காலபோஜன்தான் என்று கௌரிசங்கர் ஓஜா சொன்னார். கும்மாணன்தான் என்று டி.ஆர். பண்டார்கர் சொன்னார். தவசி ஹாரீத ராசி கல்வெட்டில் நன்றாகத் தலைகாட்டுவது 13-ஆம் நூற்றாண்டில். 1285-ஆம் வருஷத்து அபுமலைக் கல்வெட்டில் அவர் பப்பாவுக்கு அரசுரிமையை வழங்குகிறார். 15-ஆம் நூற்றாண்டு ஏகலிங்க மாகாத்மியத்தில் கதை இன்னும் பெருக்கிறது. 1829-இல் கர்னல் ஜேம்ஸ் டாட் புத்தகமாகப் போட்டதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆள் வாழ்ந்தது 8-ஆம் நூற்றாண்டு, தவசி வந்து சேர்ந்தது ஐந்நூறு வருஷம் கழித்து. ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில்: ஆள் வரலாறு, பசு கதை.

இதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பப்பா என்பது பெயர் அல்ல. அப்பன் என்று அர்த்தம். ஒரு வம்சம் தன் முதல் மனிதனின் பெயரை மறந்துவிட்டு, அப்பன் என்பதை மட்டும் நினைவு வைத்திருக்கிறது.

இப்போது நம் கரிசலுக்கு வாருங்கள்.

நான் குடியிருக்கும் மணியாச்சி, வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ரயில் ஜங்ஷன். 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட இடம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆனால் மணியாச்சி அதற்கு முன்னால் ஒரு பாளையம். கிழக்கே போனால் ஒட்டப்பிடாரம், அதை ஒட்டிப் பாஞ்சாலங்குறிச்சி. வடகிழக்கே எட்டயபுரம். ஒரு சைக்கிளை எடுத்தால் ஒரே நாளில் மூன்று பாளையங்களை மிதித்துவிட்டு வரலாம், நான் மிதித்திருக்கிறேன். நெல் விளையாத மண். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. சித்திரையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும்.

பாஞ்சாலங்குறிச்சி ஆரம்பம் எப்படி? ஒட்டப்பிடாரத்துக்கு அந்தக் காலத்தில் அழகிய வீரபாண்டியபுரம் என்று பெயர். அங்கே ஆண்ட ஜெகவீரபாண்டியனிடம், பல்லாரிப் பக்கமிருந்து வந்த பொம்மு என்பவர் அமைச்சராக இருந்தார். தெலுங்கில் கெட்டி பொம்மு என்று வீரத்துக்குப் பெயர் வாங்கியவர், தமிழில் கட்டபொம்மு ஆனார். ஜெகவீரபாண்டியனுக்குப் பிறகு அவரே அரசுக் கட்டிலில் ஏறினார். இவர்தான் ஆதி கட்டபொம்மன். நாம் அறிந்த வீரபாண்டிய கட்டபொம்மன் இந்த வழியில் பின்னால் வந்தவர். கோட்டைக்கு இடம் பார்த்த கதைதான் என் வகுப்பில் பிரசித்தம். வேட்டைக்குப் போனார்கள், ஏழு வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் முயல் நின்று திரும்பி நாய்களைத் துரத்தியது. இந்த மண்ணில் வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டி, பாட்டன் பாஞ்சாலன் பெயரை வைத்தார்கள்.

இந்த முயல் நம்மூர் முயல் மட்டும் இல்லை. ஹரிஹரரும் புக்கரும் விஜயநகரத்துக்கு இடம் பார்த்தபோதும் ஒரு முயல் நாய்களை எதிர்த்தது. 1411-இல் அகமத் ஷா அகமதாபாத்தை நிறுவியதற்கும் அங்கே இதே கதையைத்தான் சொல்வார்கள். துங்கபத்திரைக் கரையிலிருந்து தெற்கே வந்த நாயக்கர்கள் வாளோடும் வேலோடும் அந்த முயலையும் சேர்த்துக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இடைசெவல் கி.ராஜநாராயணன் 1976-இல் எழுதிய 'கோபல்ல கிராமம்' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வரும் குடும்பம் ஆற்றங்கரையில் திகைத்து நிற்கும்போது, அக்கரை சேர ஒரு மரம் வளைந்து கொடுக்கும். அது ராஜா கதை இல்லை, சம்சாரிகள் கதை. ஆனாலும் ஆரம்பத்தில் ஓர் அதிசயம் தேவைப்படுகிறது.

ஏன் தேவைப்படுகிறது? நாற்பது வருஷம் யோசித்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்தவன் ஓர் இடத்தில் வேர் பிடிக்கும்போது அவனை ஒரு கேள்வி உறுத்தும்: இந்த மண் உனக்கு எப்படி வந்தது? பட்டயமும் படைபலமும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. ஆகவே மண்ணே சம்மதம் சொன்னதாகக் கதை பிறக்கிறது. மேவாரில் பசு சம்மதித்தது, குறிச்சியில் முயல் சம்மதித்தது, கோபல்லத்தில் மரம் சம்மதித்தது. அதற்கு முன் அங்கே இருந்தவர்கள் சம்மதித்தார்களா என்பதை எந்தக் கதையும் கேட்பதில்லை. மோரி ராஜா என்ன ஆனார், ஜெகவீரபாண்டியனின் சொந்த பந்தங்கள் எங்கே போனார்கள் என்று கதைக்குக் கவலை இல்லை.

வரலாற்றுப் பக்கம் பார்த்தால் காரணம் எளிமை. விஜயநகரம் தெற்கே இறங்கியது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் அமர்ந்தார். தளவாய் அரியநாத முதலியாரோடு சேர்ந்து நாட்டை எழுபத்திரண்டு பாளையமாகப் பிரித்தார் என்பது மரபு. மேற்கே மலையடிவாரத்திலும் குளத்துப் பாசனப் பகுதிகளிலும் மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசலில் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த நாயக்கர் பாளையங்கள். ஆந்திரத்திலும் பல்லாரியிலும் இதே கருப்பு மண்ணை உழுது பழகிய கைகள் அவை. ஆறும் குளமும் இருந்த இடங்களில் ஏற்கெனவே ஆள் இருந்தது, வானம் பார்த்த கரிசலில் இடம் இருந்தது. பாளையக்காரர் ஊர்களுக்குக் காவல் கொடுத்தார், அதற்குக் காவல் கூலி வாங்கினார். படை கேட்டால் மதுரைக்கு அனுப்பினார். இதில் முயலுக்கு வேலை இல்லை.

இனி எட்டயபுரம். இங்கேதான் உங்களை நிறுத்த நினைத்தேன்.

இளசை என்பது அதன் பழைய பெயர். அந்த வம்சத்துக் கதையைக் கவிகேசரி சாமி தீட்சிதர் 1879-இல் 'வம்சமணி தீபிகை' என்று புத்தகமாக எழுதினார். அந்த ஊரில் பிறந்த பாரதியார் 1919-இல் கடையத்திலிருந்து எட்டயபுரம் அரசருக்குக் கடிதம் எழுதி, அந்த நூலைத் தான் நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாகக் கேட்டுக்கொண்டார். அது நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கதை இப்படிப் போகிறது. எட்டயபுரத்தாரின் முன்னோர் சந்திரகிரிச் சீமையிலிருந்து ராஜாவைப் பார்க்க விஜயநகரம் போகிறார். கோட்டை வாசலில் சோமன் என்று ஒரு மல்லன். வாசலுக்குக் குறுக்கே தன் காலில் பூட்டிய சங்கிலி. ராஜாவைப் பார்க்கப் போகிறவன் யாராக இருந்தாலும் அந்தச் சங்கிலிக்குக் கீழே குனிந்துதான் போகவேண்டும். குனிய மனமில்லாதவன் அவனோடு மோதவேண்டும். இவர் குனியவில்லை. மோதினார், சோமனைக் கொன்றார்.

மற்ற வம்சக் கதையாக இருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். ராஜா மெச்சினார், பட்டம் கொடுத்தார், சுபம். இந்தக் கதை அங்கே முடியவில்லை. செத்துப்போன சோமனுக்கு எட்டுத் தம்பிகள். அண்ணன் சம்பாத்தியத்தில் பிழைத்தவர்கள். அவர்கள் வந்து, எங்களுக்கு இனி யார் கதி என்று நிற்கிறார்கள். கொன்றவர் அந்த எட்டுப் பேரையும் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்கிறார். எட்டுப் பேருக்கு அப்பன். எட்டப்பன்.

இதுதான் அந்தப் பெயருக்கு அந்த வம்சம் சொல்லும் அர்த்தம்.

இதற்குக் கல்வெட்டு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில், ஜமீனின் பெருமையை நிலைநாட்ட எழுதிய புத்தகத்தில் வருவது. பப்பா ராவலின் பசுவுக்கு நான் வைத்த அதே தராசில்தான் இதையும் நிறுக்கவேண்டும். நடந்ததா என்று கேட்டால், கதை என்றுதான் சொல்வேன். ஆனால் கதை என்று தள்ளுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நான் சொன்ன ஆரம்பக் கதைகளில், தோற்றவன் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் கதை இது ஒன்றுதான். அடித்தவனிடமே, அடிபட்டவன் குடும்பத்துக்கு நீ பொறுப்பு என்று சொல்கிற கதை. ஒரு வம்சம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஆயிரம் பொய் சொல்லலாம். இவர்கள் இந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதை ஒரு மேன்மையாக நினைத்தார்கள் என்பது மட்டும் பொய்யில்லை.

அந்தப் பெயருக்குத்தான் இன்று தமிழ்நாடு முழுக்கத் துரோகி என்று அர்த்தம்.

அது எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே போனார். எட்டயபுரத்துப் படை கம்பெனியோடு சேர்ந்து பின்தொடர்ந்தது. கோலார்பட்டியில் சண்டை. தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், செப்டம்பர் 13-இல் நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக்குள் போய், அங்கே தொண்டைமான் ஆட்களிடம் பிடிபட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16, கயத்தாறு. புளியமரம்.

கவனியுங்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. ஆனால் துரோகிக்கு நாம் வைத்த பெயர் எட்டப்பன். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. 1801-இல் ஊமைத்துரை திரும்ப எழுந்தபோதும் எதிர்ப்பக்கம்தான் நின்றது. மே 24-இல் கோட்டை விழுந்தபின், குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையை ஒரு தாய் தன் வீட்டில் கிடத்தி, தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் அம்மை கண்டவன் என்று சொல்லி விரட்டிய சம்பவத்தை, எதிரிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறான். வகுப்பில் அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் நான் வகுப்பில் சொல்லாத பக்கங்களும் உண்டு. இரண்டு பாளையத்துக்கும் நெடுநாள் எல்லைத் தகராறு. இரண்டு பேரும் கம்பளத்து நாயக்கர்களே. அங்காளி பங்காளி வரப்புச் சண்டைக்குள் கம்பெனி புகுந்துகொண்டது. அதற்கு நாற்பது வருஷம் முன்னால், நவாபுக்காக யூசுப்கான் படையெடுத்து வந்தபோது அவனை எதிர்த்து நின்ற பாளையமும் இதே எட்டயபுரம்தான். அந்தப் பாளையத்துக்காகப் போராடித்தான் கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் உயிர் கொடுத்தார். அவருக்கு அரசு ஆண்டுதோறும் ஜூலை 11-இல் மரியாதை செய்கிறது. உமறுப்புலவரை ஆதரித்ததும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடியதும், 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வந்ததும் அந்த ஊரில்தான். ஒரு வம்சத்தின் இருநூற்றைம்பது முந்நூறு வருஷத்தை ஒரே வருஷத்தில் அடக்கி, அந்த ஒரு வருஷத்தையும் ஒரே வசவாக்கி, மேடையிலும் 1959-இல் வந்த சினிமாவிலும் கேட்டுக் கேட்டு நாம் பழகிவிட்டோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதைச் சொல்ல எனக்கே கூச்சம். பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் அந்தச் சீமையின் ஊர்களைக் கம்பெனி தனக்கு வேண்டிய பாளையங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. எட்டயபுரத்துக்கு ஒரு பங்கு. மேல்மாந்தைக்கு ஒரு பங்கு. மணியாச்சிக்கு ஒரு பங்கு.

ஆமாம், நம் மணியாச்சிதான். பங்கு வாங்கிய ஊரின் பெயரை நாம் யாரும் வசவாக வைக்கவில்லை. அந்த ஊர்க்காரன் ஒருத்தன்தான் வாத்தியார் என்ற பெயரில் கையில் பிரம்போடு வகுப்பில் நின்று, துரோகத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

இப்போது பத்திரிகை வைக்க வந்தவனிடம் வருகிறேன்.

எண்பதுகளில் நடந்தது. எட்டாம் வகுப்பு. துணி ஒட்டிய பெரிய இந்திய வரைபடம் ஒன்று, நானே அலைந்து திரிந்து பள்ளிக்கு வாங்கி வைத்தது. இடைவேளை முடிந்து போனால் நடுவில் கிழிந்து தொங்குகிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யார் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறவனே வீரன் என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். கடைசியில் எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வரும் ஒரு பையன் எழுந்து, கிழித்தவன் பெயரைச் சொன்னான். கிழித்தவனுக்குப் பிரம்படி கொடுத்தேன். கொடுத்து முடித்து, வகுப்பு இறுக்கமாக இருக்கிறதே என்று சிரிக்க வைப்பதற்காகச் சொன்னேன்: "பார்த்தீங்களாலே, நம்ம வகுப்புலயும் ஒரு எட்டப்பன் இருக்கான்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது, மறந்துவிட்டேன்.

அவன் மறக்கவில்லை. பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துக்கொண்டே, சிரித்த முகத்தோடுதான் சொன்னான். "சார், அன்னையிலிருந்து பத்தாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு அதான் பேரு. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனா அங்கேயும் கூடப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான். அங்கேயும் அதே பேரு. பொண்ணு பார்க்கப் போன எடத்துலகூட எவனோ அந்தப் பேரைச் சொல்லித்தான் அடையாளம் கேட்டான்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவனே தொடர்ந்தான். "அதுக்குப் பொறவு எங்க என்ன பார்த்தாலும், பார்த்தேன்னு சொல்றதில்ல சார். வாயத் தொறக்கிறதில்ல. நல்லதாப் போச்சு, வம்பு இல்ல."

நல்லதாகப் போச்சு என்று அவன் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. உண்மையைச் சொல் என்று கேட்டவன் நான். சொன்னதும் அவனைக் கேலி செய்தவனும் நான். ஒரு பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு, உண்மை சொல்வதும் காட்டிக்கொடுப்பதும் ஒன்றுதான் என்று ஒரே வரியில் பாடம் நடத்திவிட்டேன். அந்தப் பாடத்தை மட்டும் அவன் வாழ்நாள் முழுக்க ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்து சோமன் கதையைத் திரும்பப் படித்தேன். பல தடவை படித்த கதைதான். இந்தத் தடவை அது என்னைப் பார்த்துக் கேட்பது போல் இருந்தது. நான் பிரம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவன். ஒரு பையனைக் குனிய வைத்தவன். ஆக எனக்குச் சோமன் வேஷம்தான் பொருத்தம். மற்ற வேஷத்தை வேண்டுமானால் இந்த வயசிலாவது போட முயற்சி பண்ணலாம். அதாவது, செய்ததற்குப் பொறுப்பு ஏற்பது.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். பதறிப்போய் ஓடி வந்தான். "என்ன சார், சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே" என்றான். அவன் வீட்டுத் திண்ணையில், அவன் சம்சாரம், கல்யாணப்பெண் எல்லாரும் இருக்க, எட்டுப் பேருக்கு அப்பன் கதையை முழுசாகச் சொன்னேன். பிறகு, நான் அன்று சொன்னது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார், அதெல்லாம் எப்பவோ" என்றான். ஆனால் அவன் மகள் கேட்டாள்: "தாத்தா, இதை அப்பாகூடப் படிச்ச எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

சரியான கேள்வி. கேலி செய்தது நாற்பத்தைந்து பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் திண்ணையில் ரகசியமாகக் கேட்டால் எப்படி? அதனால்தான் இந்தப் பதிவு. அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே அவன் பெயரை எழுதவேண்டாம். போன் பண்ணி, அவன் அப்பா அம்மா வைத்த பெயரால் ஒரு தடவை கூப்பிடுங்கள், அது போதும். கிழித்தவனும் இதைப் படிப்பான் என்று தெரியும். உனக்கும் அன்று அடி கொஞ்சம் அதிகம்தான், அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் என் மாணவர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். கட்டபொம்மன் பாடம் நடத்துங்கள், வீரமாக நடத்துங்கள். கயத்தாறுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 1974-இல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பிய நினைவுக்கோட்டையைக் காட்டுங்கள். அப்படியே எட்டயபுரத்துக்கும் கூட்டிப் போங்கள். பாரதி பிறந்த வீடும் உமறுப்புலவர் மணிமண்டபமும் இருக்கும் ஊரின் பெயரில் ஒரு வசவு இருப்பது சரியா என்று பிள்ளைகளையே கேளுங்கள். எட்டயபுரம் அன்று செய்ததைச் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. புதுக்கோட்டை செய்ததையும், நம் மணியாச்சி வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையை எழுந்து சொல்கிற பிள்ளைக்கு மட்டும் அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

ராணுவக்காரத் தம்பிக்கு: உன் கேள்விக்குப் பதில் எங்கோ தொடங்கி எங்கோ வந்துவிட்டது. லீவில் வரும்போது வீட்டுக்கு வா. சைக்கிள் மிதிக்க இப்போது முட்டி ஒத்துழைக்காது, உன் பைக்கில் போவோம்.

கல்யாணம் வருகிற ஆவணியில். நான் முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்